காலை ஒன்பது நாற்பது நகல்

அந்தச் செய்தி வந்தபோது மணி பன்னிரண்டு பத்து. கண்ணாடிக் கடையின் கவுண்டரில் நின்றுகொண்டு, ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் ஏழாவது பிரேமை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"இது எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"இதுக்கு முன்னாடி போட்டதுக்கும் இதையேதானே சொன்னே?"

"அதுவும் நல்லாத்தான் இருந்தது சார்."

பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் இரைச்சலையும் மீறிச் சித்தி சிரிக்கும் சத்தம் கேட்டது. கடை சித்தியுடையது. கண் பரிசோதனை, லென்ஸ் வெட்டுவது, பிரேமில் பொருத்துவது எல்லாம் சித்தி. கவுண்டர், பில், "நல்லா இருக்கு சார்" ஆகியவை நான். படிப்பு முடித்து இரண்டு வருடமாக இங்கேதான் இருக்கிறேன். ஆள் இல்லாத நேரங்களில் பில் போடும் கணினியில் எனக்கு இன்னொரு வேலை உண்டு.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஓர் இணையக் கலைக்களஞ்சியம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு தகவலின் முடிவிலும் சின்னதாக ஓர் எண் தொங்கும். அதைத் தொட்டால், இதை யார் சொன்னது, எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி என்று பக்கத்தின் அடியில் சான்று இருக்கும். இந்தச் சான்றுகளுக்கு ஆயுசு குறைவு. ஒரு பத்திரிகை மூடிவிடும், ஓர் அலுவலகம் தன் தளத்தை மாற்றிவிடும். இணைப்பைத் தொட்டால் வெறும் வெள்ளைப் பக்கம் வரும். பழைய பக்கங்களை நகலெடுத்து வைக்கும் காப்பகம் ஒன்றும் உண்டு. அங்கே தேடி, செத்துப்போன இணைப்புக்கு ஒரு நகலைக் கொண்டுவந்து ஒட்டுவதுதான் என் வேலை. நாவல் வாசிக்கும்போதுகூட அடிக்குறிப்பை முதலில் பார்க்கிறவள் நான். எங்கோ தொலைவில் இருக்கும் தேசத்தின் ஒரு மரத்துக்கு மொழிபெயர்ப்பாளர் இரண்டு வரி விளக்கம் கொடுத்திருந்தால், கதை மறந்த பிறகும் அந்த மரம் என்னோடு இருக்கும். அதனால் இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. அங்கே எல்லோருக்கும் புனைபெயர்தான். என் பெயர் ஊசிநூல். அன்று காலை வரை மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு இணைப்புகளைச் சரிசெய்திருந்தேன்.

செய்தி, மற்றவர்கள் எனக்கு எழுதிவைக்கும் என் பேச்சுப் பக்கத்தில் வந்திருந்தது. எழுதியவருக்குக் கணக்கு இல்லை, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஓர் எண் மட்டும்.

"ஊசிநூல், நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. எங்க அப்பாவைப் பத்தின பொய்யை நீங்கதான் திரும்ப ஒட்டி வச்சிருக்கீங்க. நான் அஞ்சு தடவை எடுத்துட்டேன். அஞ்சு தடவையும் திரும்ப வந்திடுச்சு. நான் அவர் பொண்ணு. அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலை பார்த்த பட்டறையை நாலு மாசம் முன்னாடி மூடிட்டாங்க. அதுக்கப்புறம் மூணு இடத்துக்கு இன்டர்வியூ போனாரு. மூணு இடத்துலயும் அவர் பேரைப் போட்டுத் தேடினாங்க, இந்தப் பக்கம்தான் முதல்ல வந்துச்சு. அப்புறம் சொல்றோம்னு அனுப்பிட்டாங்க. இன்னைக்கு மூணு மணிக்கு ஒரு ஆஸ்பத்திரியில இன்டர்வியூ. இதுவும் போச்சுன்னா அவர் இனிமே எங்கயும் போக மாட்டாரு. எடுத்துடுங்க."

கட்டுரையைத் திறந்தேன். எட்டு வருடங்களுக்கு முன் ஆறு மாடித் துணிக்கடை ஒன்றில் லிஃப்ட் அறுந்து விழுந்து மூன்று பேர் இறந்த விபத்து. இரண்டாம் பத்தியில் அந்த வரி இருந்தது. மெக்கானிக்கின் முழுப்பெயர். அவர் முந்தின நாள் பழுதுபார்த்தபோது பிரேக்கைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்ட மறந்ததே விபத்துக்குக் காரணம். சான்று எண் நான்கு.

பக்கத்தின் வரலாற்றைப் பார்த்தேன். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று எல்லாம் அதில் பதிந்திருக்கும். சான்று நான்கு செத்துப்போனதென்று ஒருவர் குறித்து வைத்திருந்தார். அப்படிக் குறித்த பிறகு ஆறு மாதம் யாரும் சரிசெய்யாவிட்டால் அந்த வரியையே நீக்கிவிடலாம் என்பது விதி. ஆறு மாதம் முடிய இரண்டு நாள் மிச்சம் இருந்தபோது நான் வந்திருக்கிறேன். காப்பகத்திலிருந்து ஒரு நகலை ஒட்டியிருக்கிறேன். "சான்று பிழைத்துக்கொண்டது" என்று குறிப்பு எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வேறு போட்டிருக்கிறேன். தேதி, நான்கு மாதத்துக்கு முன்பு.

நான் தொடாமல் இருந்திருந்தால் அந்த வரி இரண்டே நாளில் தானாகப் போயிருக்கும்.

"இதைக் கழட்டவா, வேண்டாமா?" என்றார் வாடிக்கையாளர்.

"ஒரு நிமிஷம் போட்டுட்டே இருங்க சார். பழகட்டும்."

நான் ஒட்டிய நகலைத் திறந்தேன். காப்பகத்தில் அந்தச் செய்திக்கு இரண்டு நகல்கள் இருந்தன. விபத்து நடந்த நாளில் காலை ஒன்பது நாற்பதுக்கு ஒன்று, அதே நாள் இரவு பத்தேகாலுக்கு ஒன்று. காப்பகம் பழைய நகலைத்தான் மேலே காட்டும். மேலே இருந்ததை எடுத்து ஒட்டியிருந்தேன். எல்லாவற்றுக்கும் அப்படித்தான் செய்வேன். இப்போதுதான் அதை முதல்முறையாக வாசிக்கிறேன். தலைப்புக்குக் கீழே சாய்ந்த எழுத்தில் ஒரு வரி: "இது முதற்கட்டத் தகவல். இச்செய்தி தொடர்ந்து புதுப்பிக்கப்படும்." மெக்கானிக் மறந்துவிட்டார் என்று சொன்னது யார் என்றால், கடை நிர்வாகம். லிஃப்டுக்குச் சொந்தக்காரர்கள்.

இரவு நகலைத் திறந்தேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பத்திரிகையின் சின்னம் மட்டும் மேலே வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்தப் பத்திரிகையின் தளமோ இரண்டு வருடத்துக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது.

கட்டுரைக்குத் திரும்பி அந்த வரியை அழித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வரி மறுபடி முளைத்தது. வைத்தவர் மூன்றாம்படி.

மூன்றாம்படி அங்கே இருக்கும் சில நிர்வாகிகளில் ஒருவர். பதினோரு வருடமாக இருக்கிறார். ஆணா பெண்ணா என்பதுகூட யாருக்கும் தெரியாது. "சான்றுள்ள வரியை நீக்க வேண்டாம்" என்று குறிப்பு எழுதியிருந்தார். மறுபடி அழித்தேன். மறுபடி வைத்தார். இந்த முறை பக்கத்தைப் பூட்டியும் விட்டார். மல்லுக்கட்டு நடக்கும் பக்கத்தை இருபத்துநான்கு மணி நேரத்துக்குப் பூட்டலாம். அதுவரை நிர்வாகிகளைத் தவிர யாரும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

பன்னிரண்டு முப்பத்தொன்று. உதவி செய்யப் போய், இருந்த ஒரே கதவையும் அடைத்துவிட்டிருந்தேன்.

"ஏம்மா மூஞ்சி இப்படி ஆயிடுச்சு? அவ்வளவு மோசமாவா இருக்கு இது?"

சித்தி பின்னறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவரைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, பத்துப் பிரேம்களைத் தட்டோடு அவர் மடியில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னடி ஆச்சு? கம்ப்யூட்டர்ல பேயைப் பார்த்தியா?"

சொன்னேன். சித்தியிடம் எதையும் சுருக்கிச் சொல்ல முடியாது, இடையில் நிறுத்தி நிறுத்திக் கேட்பாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கணினித் திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஒட்டுப் போட்டேன், ஒட்டுப் போட்டேன்னு பெருமை அடிச்சுக்குவியே. எதைக் கொண்டுபோய் எதோட ஒட்டுறோம்னு பார்த்தியா?"

"பார்க்கல சித்தி."

"நான் பவர் எழுதின சீட்டைப் படிக்காம லென்ஸ் வெட்டிக் குடுத்தா, வாங்கிட்டுப் போற ஆளு படிக்கட்டுல விழுவான். தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரியும்னு நிக்காதே. அந்தப் பொண்ணுகிட்ட பேசு. நான் இவரைப் பார்த்துக்கிறேன். சார், அது பொம்பளைங்க பிரேம். கழட்டுங்க."

அந்த மகளுக்கு எழுதினேன். தப்பு என்னுடையதுதான், பக்கம் பூட்டப்பட்டுவிட்டது, அப்பா தப்பு செய்யவில்லை என்று காட்ட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அங்கே இதுவரை யாரிடமும் சொல்லாத கடைத் தொலைபேசி எண்ணையும் கொடுத்தேன். மூன்று நிமிடத்தில் இரண்டு படங்கள் வந்தன. கூடவே எழுதியிருந்தாள்: "அப்பா சட்டைப் பையில எப்பவும் வச்சிருப்பாரு. குளிக்கப் போயிருக்காரு, அதான் எடுத்தேன். நான் இதெல்லாம் பண்றது அவருக்குத் தெரியாது."

தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய செய்தித்தாள் துண்டு. லேமினேஷன் செய்து ஓரங்கள் பிரியத் தொடங்கியிருந்தன. "திருத்தம்" என்று தலைப்பு. எங்கள் முதல் செய்தி தவறு, மெக்கானிக் விபத்துக்குக் காரணம் அல்ல என்கிறது கோடு கட்டிய அந்தச் செய்திப் பெட்டி; மற்ற வரிகள் மடிப்பில் தேய்ந்து படிக்க முடியாமல் இருந்தன. பெட்டியின் கோட்டை ஒட்டி அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தார்கள். பத்திரிகையின் பெயர் இல்லை, தேதி இல்லை, பக்க எண்ணும் இல்லை.

"மூணு இடத்துலயும் இதைக் காட்டினாரு. யார் வேணும்னாலும் அச்சடிக்கலாமே இதைன்னு ஒருத்தர் சொன்னாராம்."

மூன்றாம்படிக்கு எழுதினேன். நகல் முதற்கட்டத் தகவல்தான், பத்திரிகை பிறகு திருத்தம் வெளியிட்டிருக்கிறது, துண்டு கையில் இருக்கிறது. உடனே பதில் வந்தது.

"அப்பா, மாமா, பெரியப்பான்னு சொல்லிக்கிட்டு மாசம் பத்துப் பேர் வர்றாங்க. எல்லார் கையிலயும் ஒரு துண்டு இருக்கு. எந்தத் தேதி, எந்தப் பக்கம்? அதைச் சொல்லுங்க, லிங்க்கே வேண்டாம். காகிதமும் சான்றுதான். ஊசிநூலுக்கு நான் சொல்லித் தரணுமா இதை?"

சொல்லித் தரத்தான் வேண்டியிருந்தது. சான்று என்றாலே தொட்டால் திறக்கும் ஒன்று என்று நினைத்துப் பழகிவிட்டேன். செத்த இணைப்பைச் சரிசெய்ய இன்னோர் இணைப்பைத்தான் தேடுவேன். காகிதத்தைத் தேடலாம் என்று மூவாயிரம் தடவையில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

பொது நூலகத்தில் தொலைபேசியில் கேள்வி கேட்க ஒரு மேசை உண்டு. பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"தகவல் மேசை. சொல்லுங்க."

"மேடம், எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு லிஃப்ட் விபத்து நடந்தது, அதுல ஒரு மெக்கானிக்கை..."

"கதை வேண்டாம்மா. கேள்வியா கேளுங்க. கேள்வின்னா சீட்டுல எழுதிப்பேன், பதில் சொல்லியாகணும். கதைன்னா கேட்டுட்டு வச்சிடுவேன்."

மூச்சை இழுத்துக்கொண்டு பத்திரிகையின் பெயரையும் விபத்து நடந்த மாதத்தையும் சொன்னேன். "அந்த மாசம் இதுல வந்த ஒரு திருத்தப் பெட்டி, எந்தத் தேதி, எந்தப் பக்கம்?"

"ம், இது கேள்வி. துண்டு கையில இருக்கா? பின்பக்கம் என்ன அச்சாகியிருக்கு?"

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினேன். "மேகம் படம் இருக்கு. டிகிரி கணக்கு இருக்கு. வானிலை போல."

"அந்தப் பேப்பர்ல வானிலை எப்பவும் பன்னிரண்டாம் பக்கம்தான். அப்ப உங்க பெட்டி பதினொண்ணு. 'நாளை'ன்னு போட்டு ஏதாவது கிழமை இருக்கா பாருங்க."

"இருக்கு... ஞாயிறு."

"அப்ப சனிக்கிழமை பேப்பர். ஆனா அந்த மாசத்துல நாலு சனிக்கிழமை வரும். பைண்டு பண்ணினது கீழ்த்தளத்துல இருக்கு, போய் எடுக்கணும். இப்ப மணி ஒண்ணு ஆகப்போகுது, மேசை மூடிடும். ரெண்டு மணிக்கு மேல கூப்பிடுங்க."

"மேடம், மூணு மணிக்கு ஒருத்தரோட வேலை..."

"பாருங்க, மறுபடி கதைக்குப் போறீங்க." சற்றே குரல் தணிந்தது. "கேள்வி நல்ல கேள்வி. சீட்டை எல்லாத்துக்கும் மேல வச்சிருக்கேன். ரெண்டு மணி."

வைத்துவிட்டார். பூட்டப்பட்ட பக்கத்தை இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். அந்த வரி அப்படியே இருந்தது, எல்லா வரிகளையும் போல அமைதியாக, தன் முடிவில் குட்டி எண்ணை மாட்டிக்கொண்டு. பொய்யான வரிக்கென்று தனி நிறம் கிடையாது.

ஒன்று பதினைந்துக்கு மூன்றாம்படி தானாகவே எழுதினார்.

"உங்க நகலை இப்பத்தான் திறந்து படிச்சேன். 'முதற்கட்டத் தகவல்'னு தலையிலயே எழுதியிருக்கு. ஒரு கேள்வி கேட்கிறேன், யோசிச்சுப் பதில் சொல்லுங்க. ஒட்டினப்ப இதைப் படிச்சீங்களா? படிச்சேன்னா, இது உங்க தீர்ப்பு, ஒரு தப்புத் தீர்ப்பு, அவ்வளவுதான். அப்படின்னா திருத்தம் வரும் வரைக்கும் வரி இருக்கும், பூட்டும் இருக்கும். படிக்கலைன்னா விஷயம் வேற. படிக்காத சான்று சான்றே இல்ல, நான் இன்னைக்கே இதுல கை வைக்கலாம். ஆனா இது மாதிரி நீங்க ஒட்டின எல்லாத்தையும் மறு ஆய்வுக்குப் போட்டாகணும். எத்தனை, மூவாயிரமா? ஒவ்வொண்ணுலயும் 'சந்தேகத்துக்குரியது'ன்னு சிவப்புல விழும், பக்கத்துலயே உங்க பேரும். இதுக்கு அப்புறம் திரும்பி வந்தவங்களை நான் பார்த்ததில்ல."

கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே நூறு பிரேம்கள் ஆளில்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. படித்தேன் என்று எழுதினால் என்ன ஆகும்? இரண்டு மணிக்கு நூலகம் எடுக்கும், தேதி கிடைக்கும், எல்லாம் சரியாகிவிடும். என் மூவாயிரமும் தப்பும். நூலகம் எடுக்காவிட்டால்? கீழ்த்தளத்தில் அந்த மாதத்துத் தொகுப்பு இல்லாவிட்டால்? அந்த மனிதர் மூன்று மணிக்குப் போய் உட்காருவார், எதிரே இருப்பவர் தேடிப் பார்ப்பார், என் நகல் திறக்கும்.

இரண்டு வருடத்தில் நான் செய்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது அந்த ஓர் எண்தான்.

"படிக்கல," என்று எழுதினேன். "இதை மட்டும் இல்ல. பெரும்பாலும் எதையும் படிக்கல. மேல இருந்த நகலை எடுத்து ஒட்டினேன்."

அனுப்பிவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன். பதினோராவது பிரேமில் இருந்த வாடிக்கையாளர், "அழுதியாம்மா?" என்றார்.

"இல்ல சார், ஏசி காத்து."

"ஏசியே ஓடலையே."

"சார்," என்றாள் சித்தி, "உங்களுக்குத் தூரப் பார்வைதான் குறைவுன்னு எழுதினேன். கிட்டப் பார்வை ரொம்ப நல்லா இருக்கு. இதையே எடுத்துக்குங்க, போய்ட்டு வாங்க."

அவர் பில் வாங்கிக்கொண்டு போகும்போது ஒன்று நாற்பது. மூன்றாம்படியிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. "உண்மையைச் சொன்னதுக்கு நன்றின்னு எல்லாம் எழுத மாட்டேன். தேதி கொண்டு வாங்க, வரியைத் திருத்தலாம். வராட்டி மூணுக்கு எடுத்துடுறேன். மூணு வரைக்கும் இங்கயே இருக்கேன்."

மகளிடமிருந்தும் வந்திருந்தது. "அப்பா கிளம்பிட்டாரு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ரெண்டு பஸ் மாறணும்."

இரண்டு மணிக்கு நூலகத்தை அழைத்தேன். பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று. பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு ஏழு. மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. இரண்டு பதினொன்றுக்கும் யாரும் எடுக்கவில்லை. அந்த ஊமை மணியைக் கேட்டுக்கேட்டு எனக்கு அந்த மேசையே கண்ணில் தெரிந்தது: ஒரு மரக்கட்டையில் குத்திய சீட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே என் கேள்வி, ஆளில்லாத நாற்காலி.

"நேர்ல ஓடட்டுமா சித்தி?"

"நீ போய்ச் சேரும்போது மணி மூணு ஆயிடும். கூப்பிட்டுக்கிட்டே இரு. அவ எங்க போயிருப்பா? கீழ்த்தளத்துக்குத்தான் போயிருப்பா."

இரண்டு இருபத்துநான்குக்கு எடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நீங்கதானா? உங்க கேள்விக்குத்தான் படியேறி வர்றேன். லிஃப்ட் வேலை செய்யல." அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. "எழுதிக்குங்க."

தேதியைச் சொன்னார். விபத்து நடந்து நான்காம் நாள், சனிக்கிழமை. பதினோராம் பக்கம், கடைசிப் பத்தி, கீழே. "வாசிக்கட்டுமா?"

"மெதுவா வாசிங்க மேடம்."

"'திருத்தம். கடந்த செவ்வாயன்று எமது இணையப் பதிப்பில் வெளியான செய்தியில், விபத்துக்கு மெக்கானிக்கின் கவனக்குறைவே காரணம் எனக் கடை நிர்வாகம் கூறியதாகக் குறிப்பிட்டிருந்தோம். அவர் அந்த வாரம் முழுவதும் அந்த லிஃப்டைப் பழுதுபார்க்கவில்லை. கயிறு தேய்ந்திருப்பதாகவும் லிஃப்டை இயக்கக் கூடாது என்றும் விபத்துக்கு ஒன்பது நாள்களுக்கு முன்பே பராமரிப்புப் பதிவேட்டில் அவர் எழுதிக் கையெழுத்திட்டிருப்பதை விசாரணை அதிகாரி உறுதிசெய்தார். தவறுக்கு வருந்துகிறோம்.' அவ்வளவுதான்."

என் கை எழுதி முடித்த பிறகும் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

"மேடம், ரொம்ப..."

"சரி, சரி. எந்தக் கதைக்குன்னு இன்னொரு நாள் வந்து சொல்லுங்க. அடுத்த கேள்வி காத்துட்டிருக்கு."

இரண்டு முப்பத்துமூன்றுக்கு எல்லாவற்றையும் மூன்றாம்படிக்கு அனுப்பினேன். பத்திரிகை, தேதி, பக்கம், பத்தி, சொல்லுக்குச் சொல் வாசகம், நூலகத்தின் தொலைபேசி எண்.

பதில் இல்லை.

இரண்டு நாற்பது. இல்லை. ஒரு தாயும் மகனும் வந்து கண்ணாடி துடைக்கும் துணி கேட்டார்கள். துணி இருக்கும் இழுப்பறை எது என்று எனக்கு மறந்துபோயிருந்தது, சித்தி எடுத்துக்கொடுத்தாள். இரண்டு நாற்பத்தாறு. மகள் எழுதினாள்: "அப்பா ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறாராம். உள்ள போகட்டுமான்னு கேட்கிறாரு. என்ன சொல்ல?"

"பத்து நிமிஷம் நிக்கச் சொல்லுங்க," என்று எழுதினேன். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. கட்டுரையைப் புதுப்பித்தேன். அந்த வரி. மறுபடி புதுப்பித்தேன். அதே வரி.

"இருக்கீங்களா?" என்று மூன்றாம்படிக்கு எழுதினேன்.

"இருக்கேன். நூலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன், சரியாத்தான் இருக்கு. இப்ப வார்த்தையை வச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன். அவசரமா வச்ச வார்த்தைதான் இவ்வளவும் பண்ணியிருக்கு. கொஞ்சம் பொறுங்க."

இரண்டு ஐம்பத்தைந்துக்குப் பக்கம் மாறியது.

வரி போகவில்லை. வேறு வரியாகியிருந்தது. முதலில் வந்த செய்தி, கடை நிர்வாகத்தின் கூற்றை வைத்து மெக்கானிக்கைக் குற்றம்சாட்டியது என்றும், அதே பத்திரிகை நான்காம் நாள் அதைத் திரும்பப் பெற்றது என்றும், லிஃப்டை நிறுத்தும்படி அவர் ஒன்பது நாள் முன்பே எழுதிக்கொடுத்திருந்தார் என்றும் இருந்தது. பெயர் இல்லை. சான்று நான்கு இப்போது காகிதம். தொட்டால் எதுவும் திறக்காது, தேதியும் பக்கமும் மட்டும் நிற்கும்.

மகளின் கோபம் உடனே வந்தது. "ஏன் இன்னும் இருக்கு? மொத்தமா எடுக்கச் சொன்னேனே! மெக்கானிக்னு பார்த்தாலே அப்பான்னு தெரிஞ்சுடுமே!"

"மொத்தமா எடுத்தா, முன்னாடி படிச்சவங்க மனசுல பழசுதான் நிக்கும். இப்ப படிக்கிறவங்க முழுசையும் படிப்பாங்க. ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அவரை உள்ள போகச் சொல்லுங்க."

அவள் படித்தாளா, போகச் சொன்னாளா என்று தெரியவில்லை. பதில் வரவில்லை. மூன்று மணி ஆனது. மூன்றரை ஆனது. சித்தி இரண்டு டீ வாங்கி வந்தாள், ஒன்று அப்படியே ஆறியது. தேடுதளங்கள் சில நேரம் பழைய வரியையே வைத்துக் காட்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கவும் பயமாக இருந்தது. தேடவில்லை.

நாலேகாலுக்குக் கடைத் தொலைபேசி அடித்தது.

"ஊசிநூல் இருக்காங்களா?"

அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. குரல் நான் நினைத்ததைவிட இளையதாக இருந்தது.

"நான்தான்."

"அப்பா வெளியில வந்துட்டாரு. இப்பத்தான் போன் பண்ணினாரு." நிறுத்தினாள். "பேரைப் போட்டுத் தேடினாங்களாம். பழசுதான் முதல்ல தெரிஞ்சுதாம், ரெண்டு வரி. அந்த ஆபீசர் மூஞ்சி மாறிடுச்சாம். அப்பா எழுந்துட்டாராம். அந்தாளு, உக்காருங்க உக்காருங்க, முழுசாப் பார்க்கலாம்னு பக்கத்தைத் திறந்திருக்காரு. படிச்சுட்டு, ஒன்பது நாள் முன்னாடியே எழுதிக் குடுத்தீங்களா, எதை வச்சுக் கயிறு தேஞ்சதுன்னு கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டாராம். மூணு இடத்துலயும் லிஃப்டைப் பத்தி ஒரு கேள்வி கேட்கலக்கா அப்பாகிட்ட. இவங்க நாப்பது நிமிஷம் கேட்டிருக்காங்க. மேல மெஷின் ரூமுக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். வெள்ளைச் சட்டை பூரா கிரீஸாம்."

"வேலை?"

"திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. ஒரு மாசம் பார்ப்பாங்களாம்."

சித்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, இயந்திரத்தை ஓடவிடாமல் கதவருகே நின்றாள்.

"உங்க மேல எனக்கு இன்னும் கோபம்தான்," என்றாள் அந்தப் பெண். "நாலு மாசம் எங்க வீடு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது. தப்பு என்னோடது."

"ம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அப்பாகிட்ட உங்களைப் பத்திச் சொல்லல. சொல்லவும் மாட்டேன்." வைத்துவிட்டாள்.

"என்னடி சொல்றா?"

"கிடைச்சிடுச்சு சித்தி. திட்டினா."

"திட்டட்டும். காசா பணமா," என்று சொல்லிவிட்டுச் சித்தி உள்ளே போனாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

கணினியில் மூன்றாம்படி புதிதாக ஒரு பக்கம் உருவாக்கியிருந்தார். "மறு ஆய்வு: ஊசிநூல்." மூவாயிரத்து நூற்றுப் பதினொரு வரிசைகள், ஒவ்வொன்றின் முடிவிலும் சிவப்பு. மேலே அவர் எழுதியிருந்த குறிப்பில் என்னைப் பற்றி நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. "யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்" என்று மட்டும் இருந்தது.

முதல் வரிசையைத் திறந்தேன். ஒரு சின்ன ஆற்றின் குறுக்கே இருக்கும் பாலத்தைப் பற்றிய கட்டுரை, எந்த வருடம் கட்டியது என்பதற்கான சான்று. காப்பகத்தில் மூன்று நகல்கள் இருந்தன. முதலாவதை முழுதாகப் படித்தேன். பாலத்தின் நீளம், தூண்களின் எண்ணிக்கை, திறந்துவைத்த அன்று பெய்த மழை, எல்லாம் அதில் இருந்தது. வருடம் மட்டும் இல்லை. இரண்டாவதைத் திறந்தேன்.